சதுர அடியில் அடங்காத வேலை

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோட்டில் வண்டியில் ஒரு சுற்று போய் வந்தால், வார்ட்ரோபும் மாடுலர் கிச்சனும் செய்து தர ஆள் கிடைத்துவிடும். ஏதாவது ஒரு ஹார்ட்வேர் கடையில் விசாரித்தால் கடைக்காரரே இரண்டு நம்பர் தருவார். அதே கடையில், "வாசக்கதவு மழையில இறுகிடுச்சு, பார்த்துத் தர ஆள் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். "யாராவது வந்தா சொல்றேன் சார்" என்பார். சொல்ல மாட்டார்.

இதில் யாருடைய சோம்பலும் இல்லை. கணக்கு அப்படி. இன்று தச்சு வேலைக்குச் சதுர அடியில்தான் ரேட். வார்ட்ரோப் என்றால் முன்பக்க அகலத்தை உயரத்தால் பெருக்குவார்கள். ஆறடி அகலம், ஏழடி உயரம் என்றால் 42 சதுர அடி. உள்ளே இருக்கும் தட்டும் தடுப்பும் அதிலேயே அடக்கம். டிராயருக்குப் பெரும்பாலும் தனி ரேட். அதை முதலிலேயே பேசாத வீடுகளில் கடைசி நாளன்று வாக்குவாதம் நிச்சயம். ஆனால் இறுகிய கதவு எத்தனை சதுர அடி? பூந்தமல்லியில் இருக்கும் ஆசாரி கொரட்டூருக்கு வந்து ஒரு கதவைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால் அரை நாள் போய்விடும். பெட்ரோல் தனி. நாமோ, "அரை மணி நேர வேலைதானே" என்று சொல்லி, அந்த அரை மணிக்கு மட்டும் காசை எண்ணுவோம். அவர் ஏன் அடுத்த முறை போனை எடுக்க வேண்டும்?

இந்தப் பக்கத்து வீடுகளோ சின்ன வேலைகளால் நிறைந்தவை. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அதையொட்டி ஆவடியில் விஜயந்தா டாங்கிகள் தயாராகத் தொடங்கின. அங்கெல்லாம் ஷிஃப்ட் பார்த்தவர்கள் பி.எஃப். பணத்திலும் சொசைட்டிக் கடனிலும் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. நல்ல மரத்தில் நிலை, கனமான கதவு, நாட்டு மரத்தில் ஜன்னல். இவற்றுக்கு வேண்டியது புதுக் கதவு அல்ல. ஒரு கீல், ஒரு தாழ்ப்பாள், செல் அரித்த சட்டத்தில் ஒரு துண்டு மாற்றம், அவ்வளவுதான். அதற்குத்தான் ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் திருமுல்லைவாயலிலிருந்து சைக்கிளில் வருவார். கதவு இறுகுகிறது என்று சொன்னால் உடனே பையைத் திறக்க மாட்டார். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பற்றி லேசாக மேலே தூக்கிப் பார்ப்பார். மேல் கீலில் அசைவு தெரிந்தால், "மரம் ஊதல சார், கதவு தொங்குது" என்பார். தளர்ந்த ஸ்க்ரூவைக் கழற்றுவார். ஃபெவிகால் தொட்ட மரக்குச்சியை ஓட்டையில் அடித்து, அதில் இன்னும் நீளமான ஸ்க்ரூவை முடுக்குவார். கதவு சாத்திக்கொள்ளும். இழைப்புளி பையை விட்டு வெளியே வந்திருக்காது.

உண்மையிலேயே ஊதியிருந்தால் வேறு வழி. கதவின் விளிம்பில் சாக்பீஸைத் தடவிச் சாத்துவார். நிலையில் எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கேதான் உரசல். அந்த இடத்தில் மட்டும் ஓரிரு இழை, அதற்கு மேல் கேட்டாலும் கிடையாது. "ஐப்பசியில இழைச்சா சித்திரையில சந்து விழும் சார்." ஈரத்தைக் குடித்த மரம் நீளவாக்கில் அநேகமாக வளராது, ரேகைக்குக் குறுக்கேதான் விரியும். வடகிழக்குப் பருவமழையில் அகலம் கூடிய கதவு வெயில் ஏறியதும் தானே சுருங்கும். இறுகுகிறதே என்று மழையில் தாராளமாக இழைத்துவிட்டால் கோடையில் இடைவெளி வழியாகத் தெரு தெரியும். கடைசியாகக் குனிந்து கதவின் அடிவிளிம்பைத் தடவுவார். வீட்டுக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்திருந்தாலும் அந்த விளிம்பு வெறும் மரமாகவே இருக்கும். ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். "கோடையில கழட்டிக் கீழ ரெண்டு கோட் ப்ரைமர் குடுங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுப்பார். எவ்வளவு என்று கேட்டால், "கொடுக்கறதக் கொடுங்க." அது அவருடைய மரியாதை. நாம் அதை ரேட் என்று எடுத்துக்கொள்கிறோம்.

சின்ன வேலையில் பிடித்த காசு பெரிய வேலையில் வேறு வழியாகப் போகிறது. சதுர அடி ரேட்டை அடித்துக் குறைத்தால், அந்தக் குறைவைப் பிளைவுட் கடை ஈடுகட்டும். பல கடைகள் ஆளைக் கூட்டி வருகிறவருக்குக் கமிஷன் தருகின்றன. கடைசியில் அது நம் பில்லில்தான் ஏறும். கிரேடிலும் இதே விளையாட்டுதான். கமர்ஷியல் என்று விற்கும் எம்.ஆர். ரகம் ஐ.எஸ். 303-ல் வரும், ஈரப்பதத்தைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் பசை விடாமல் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த இந்தப் பக்கத்தில், சமையலறையின் கீழ்த்தட்டுக்கு எது வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பார்ட்டிகிள் போர்டு அலமாரிகள் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தன. பழைய தேக்குக் கதவுகள் காய்ந்து மறுபடி சாத்திக்கொண்டன.

ஆகவே பிளைவுட் வாங்கிய பின் ஆசாரியைக் கூப்பிடாதீர்கள். முதலில் அவரைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொல்லுங்கள், அதற்கும் காசு கொடுங்கள். ஒரு ஷீட் எட்டுக்கு நாலு அடி. ரம்பத்தின் பிளேடே மூன்று மில்லிமீட்டர் தின்னும் என்பதால், நாலடியை இரண்டாகப் பிளந்து அலமாரிக்கு 23¾ அங்குல ஆழம் வைப்பார் அனுபவசாலி. நாம் 25 அங்குலம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மீதி ஏறக்குறைய 23 அங்குலம் ஜோடி சேராமல் மூலையில் கிடக்கும். இதை வெட்டும் முன்பே சொல்கிற ஆளால் ஷீட் கணக்கிலேயே நம் காசு மிஞ்சும்.

கருவி வாங்க அரசு உதவுகிறது. 2025 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். மெஷின் வந்தால் ஷீட் வேகமாக அறுபடும், ஒப்பந்த வேலை பெருகும். கதவைத் தூக்கிப் பார்க்கும் கைக்கு எந்த வங்கியும் கடன் தராது. அதற்குக் கூலி நாம்தான் தர வேண்டும்.

செய்யக்கூடியது ஒன்றுண்டு. தாழ்ப்பாள், கீல், ஆடும் கட்டில் கால், திறக்காத ஜன்னல் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டிலும் கேளுங்கள், அவர்களிடமும் நாலு இருக்கும். பொங்கல் கழிந்து மரம் காய்ந்ததும் ஒரு ஆசாரியை முழு நாள் கூலிக்குப் பேசுங்கள். சாப்பாடு, டீ நம் பொறுப்பு. வேலை மதியமே முடிந்தாலும் முழு நாள் கூலிதான். அந்தக் கூலியில் பேரம் பேசாதீர்கள். பேரம் பேசிப் பழக பிளைவுட் கடை இருக்கிறது.