"இதுக்குள்ள என்னத்தப் போட்டிருக்கு?"

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் மெயின் ரோட்டால பஸ்ஸில போனா, சாப்பாட்டுக் கடைப் பலகைகளில "சைனீஸ்" என்ற சொல் அடிக்கடி கண்ணில படும். உள்ளே கிடைப்பது ப்ரைட் றைஸ், மேல ஒரு கோழித் துண்டு, ஓரத்தில சில்லி பேஸ்ட், தாராளமான கடையென்றா ஒரு முட்டையும். சீனாவிலிருந்து வந்த ஒருவருக்கு முன்னால இதை வைத்தா, இலங்கைச் சாப்பாடு நல்லாயிருக்கு என்றுதான் சொல்லுவார்.

இதைப் பற்றி நம்மட பொடியன்மார் மத்தியில ரெண்டு கதை ஓடும். ஒன்று, "இது ஒரிஜினல் சைனீஸ் இல்ல மச்சான்." மற்றது, "என்னத்தப் போட்டு ஆக்குறானுகளோ, அஜினமோட்டோ இல்லாம இந்த ருசி வராது."

முதல் கதைக்குப் பெரிய பதில் தேவையில்ல. வடகிழக்குச் சீனாவின் பேர்போன சாப்பாடு குவோ பாவ் ரோவ். பன்றி இறைச்சியை மாவில தோய்த்துப் பொரித்து, இனிப்பும் புளிப்புமான பாகில பிரட்டியெடுப்பது. ஹார்பின் நகரில ஒரு அதிகாரியின் சமையற்காரர், ரஷ்ய விருந்தாளிகளின் நாக்குக்காகப் பழைய உப்புச் சுவையை மாற்றினதால வந்தது என்றுதான் அங்கேயே சொல்றாங்க. நம்மட கடைகளில ஓடுற "மொங்கோலியன் றைஸ்" கதை இன்னும் பகிடி. மொங்கோலியன் பார்பிக்யூ என்று உலகம் முழுக்க விற்கிற சாமான் மொங்கோலியாவில பிறக்கவேயில்ல, 1951 இல் தாய்வானின் தாய்ப்பேயில தொடங்கினது. ஆக, யாருடைய சட்டியிலும் ஒரிஜினல் என்று ஒன்று அசையாமல் கிடக்கிறதில்ல. இது போகட்டும்.

ரெண்டாவது கதைதான் எனக்குப் பிரச்சினை. அதைச் சொல்ல, கொழும்பில நாங்க போன ஒரு கடையைப் பற்றிச் சொல்ல வேணும்.

கம்பஸ் லீவில நாலு பேர் போனோம். வடகிழக்குச் சீனக் குடும்பமொன்று நடத்துற கடை. ஞாயிறு பகல், இருக்க இடமில்ல, பாதிப் பேர் சீனர். வடகிழக்கு என்றா லியாவ்நிங், ஜிலின், ஹெய்லோங்ஜியாங் என்ற மூன்று மாகாணங்கள். அவர்கள் தொங்பெய் என்று சொல்றாங்க. ரஷ்யாவும் கொரியாவும் பக்கத்தில. ஹார்பினில ஜனவரி இரவில குளிர் மைனஸ் 20 பாகைக்குக் கீழே இறங்கும். அந்தக் குளிருக்குத் தேவையான சாப்பாடுதான் மேசைக்கு வந்தது. கோதுமை மா, உருளைக்கிழங்கு, கோவா, கொழுப்பு, எல்லாம் பெரிய பெரிய தட்டில. ரெண்டு பேருக்கென்று கேட்டா நாலு பேர் தின்னலாம். மாரிகாலத்துக்கு மரக்கறி இருக்காது என்பதால கோவாவை உப்புப் போட்டுச் சாடியில அடைத்து, மேல கல்லு வைத்துப் புளிக்க விடுறாங்க. அதைப் பன்றி வயிற்று இறைச்சியோட அவிக்கிறாங்க. ஜியாவ்ஸி என்பது மாவுக்குள்ள இறைச்சி வைத்து அவித்தது, நம்மட கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம், கறுப்பு வினாகிரியில தொட்டுத் தின்ன வேணும். டி சான் சியென் என்று ஒன்று இருக்கு. உருளைக்கிழங்கையும் கத்தரிக்காயையும் பச்சைக் குடைமிளகாயையும் தனித்தனியாப் பொரித்து உள்ளியும் சோயாவும் போட்டுப் பிரட்டினது. அம்மம்மாட பொரிச்ச கத்தரிக்காய்க் கறி ஞாபகம் வந்தது. அன்றைக்கு எல்லாத்திலயும் முதலில முடிஞ்சதும் அதுதான்.

நான் சொறிக்கல்முனை, திருச்சிலுவைக் கோயில் ஊர்க்காரன். பன்றி எனக்குப் பிரச்சினையில்ல. எங்களோட வந்த சம்மாந்துறைக் கூட்டாளிக்குப் பிரச்சினை. சாப்பாடு சொல்றதுக்கு முன்னால அவன் போனை எடுத்து, மொழிபெயர்க்கிற அப்பில எழுதி முதலாளி அம்மாவுக்குக் காட்டினான்: மரக்கறி மட்டும் தந்தா நான் சாப்பிடலாமா? அவ வாசித்தா. கையைப் பிடிக்காத குறையா அவனைக் குசினி வாசலுக்குக் கூட்டிப்போய் சட்டியைக் காட்டினா, பக்கத்தில வெள்ளையா உறைஞ்சு கிடந்த பன்றிக் கொழுப்பையும் காட்டினா. பிறகு போனில சொன்னது தமிழில இப்படி வந்தது: "ஒரே சட்டி. நீங்கள் உண்ண வேண்டாம்."

அவனுக்குத் தேத்தண்ணியும், உள்ளியும் வினாகிரியும் போட்ட பச்சை வெள்ளரிக்காயும் வந்தது. அதுக்கும் காசு எடுத்தா. "உண்மையச் சொன்னாவே, அது போதும்டா" என்றான். பின்னேரம் மருதானையில போய்ப் புரியாணி தின்டான். சீனாவில ஹுய் முஸ்லிம்கள் இருப்பதையும், ஷென்யாங் நகரில ஒரு ஹுய் குடும்பத்தின் ஷாவ்மாய்க் கடை 1796 இல் தொடங்கினதாகச் சொல்லப்படுவதையும் திரும்பி வாற பஸ்ஸிலயே தேடியெடுத்து வைத்திருந்தான். வடகிழக்குச் சாப்பாட்டை அவன் இன்னும் கைவிடல.

இதுக்குள்ள என்ன இருக்கு என்று அவன் கேட்டது சாப்பாட்டைப் பற்றின கேள்வி. கேட்டது ஆக்கினவரிடம். பதில் எப்படி வந்தாலும் ஏற்கிறதுக்குத் தயாராக் கேட்டான்.

"என்னத்தப் போடுறானுகளோ" என்பது இதுக்கு நேர் எதிர். அது ஆக்கினவருக்குப் பின்னால, பதில் வேண்டாத ஆக்கள் கேட்கிற கேள்வி. அஜினமோட்டோக் கதையையே எடுப்போம். 1908 இல் ஜப்பானிய விஞ்ஞானி இக்கேடா கடற்பாசிச் சாற்றில கண்டுபிடித்த சுவை அது. தக்காளியிலயும் அந்தச் சுவை இயற்கையா இருக்கு. 1968 இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில ஒரு டொக்டரின் சின்னக் கடிதம் வந்தது. சீனக் கடையில சாப்பிட்டா பின்கழுத்து விறைக்குது, சோயாவோ வைனோ உப்போ இந்தத் தூளோ காரணமாயிருக்கலாம் என்று எழுதியிருந்தார். அவரே சீன வம்சாவளிக்காரர். சஞ்சிகை அதுக்கு "சீன உணவக நோய்" என்ற பொருளில தலைப்புப் போட்டது. எதைத் தின்கிறோம் என்று சொல்லாமல் கொடுத்துச் சோதித்த ஆய்வுகளில அந்த நோய் உறுதியாகல. அதே தூள் சூப் கட்டியில இருக்கு, நூடில்ஸ் பக்கெட்டில இருக்கு, சிப்ஸில இருக்கு. யாரும் "சிப்ஸ் நோய்" என்று பேர் வைக்கல.

இதெல்லாம் அமெரிக்காக் கதை என்று விடலாம். ஆனா அம்பாறை நகரம் நமக்குப் பஸ்ஸில ஒரு மணித்தியாலம். 2018 பெப்ரவரி 26 இரவு, அங்க ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில கறிக்குள்ள கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, மலடாக்கிற மாத்திரை போட்டிருக்காங்க என்று சிங்களத்தில சத்தம் போட்டாங்க. கூட்டம் சேர்ந்தது. காசாளர் இளைஞருக்குச் சிங்களம் சரியாத் தெரியாது. மாக்கட்டியைத்தான் சொல்றாங்க என்று நினைத்து, போட்டது என்கிற மாதிரி ஏதோ பதில் சொன்னதாகப் பிறகு செய்திகள் வந்தன. அந்தப் பதில் வீடியோவாகி ஊரெல்லாம் ஓடினது. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தா அது வெறும் மாக்கட்டி. அந்த முடிவு வரும்போது கண்டி திகனவும் எரிந்து முடிஞ்சுது.

அவங்களும் முகத்துக்கு நேரதானே கேட்டாங்க என்று யாராவது சொல்லலாம். கமராவைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, பத்துப் பேர் சுத்தி நின்று, கேட்கப்படுறவருக்கு விளங்காத மொழியில கேட்டா அதுக்குப் பேர் கேள்வி இல்ல. கொழும்பில என் கூட்டாளி அவட மொழியில எழுதிக் காட்டினான். அம்பாறையில காசாளரின் மொழியில கேட்க யாரும் மெனக்கெடல.

சிங்கள ஆக்களை மட்டும் குற்றம் சொல்லித் தப்பவும் ஏலாது. முஸ்லிம் கடையில சாப்பாட்டில துப்பித்தான் தருவாங்க என்ற வட்ஸ்அப் வீடியோ நம்மட தமிழ் குறூப்புகளிலயும் சுத்துது. இந்தியாவில செய்த சரக்கு அது. அனுப்புறவர்களில பலர் சாய்ந்தமருதுக் கடைகளில வாரம் ரெண்டு தரம் கொத்து எடுக்கிறவங்கதான்!

அதே கொத்துக் கடைகளில நல்ல கேள்வியையும் பார்த்திருக்கன். காரைதீவுக் கூட்டாளியொருவன் மாடு தின்ன மாட்டான். "நானா, மாடு கொத்தின கல்லா?" என்று கேட்பான். அவர் கோபப்பட மாட்டார். கல்லைச் சுரண்டி, தண்ணி ஊத்தித் துடைத்துவிட்டு அவனுக்குக் கோழி போடுவார். நேரமில்லாத நாளில, "இண்டைக்கு வேணாம் தம்பி, எல்லாம் கலந்துட்டு" என்றும் சொல்லுவார்.

2024 ஜூலையில, உத்தரப் பிரதேசத்தில யாத்திரைப் பாதையில இருக்கிற சாப்பாட்டுக் கடைகள் முதலாளியின் பேரை வெளியில எழுதி வைக்க வேணும் என்று உத்தரவு போட்டாங்க. ஜூலை 22 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதுக்கு இடைக்காலத் தடை போட்டது. என்ன சாப்பாடு என்று எழுதலாம், பேரை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

நம்மட கடைகளிலயும் சாமான் விபரம் எழுதின ஒரு பலகை வந்தா எனக்குச் சந்தோசம். எந்த எண்ணெய், எந்த இறைச்சி, மாட்டுக்குத் தனிச் சட்டி இருக்கா, அஜினமோட்டோ போடுறதா, எல்லாம் தமிழிலயும் சிங்களத்திலயும் இருக்கட்டும். கல்முனை மாநகர சபையிடம் அப்படியொரு மனு போனா நான் முதல் ஆளாக் கையெழுத்து வைப்பன். அதே பலகையில ஆக்கினவரின் பேரும் வேணும் என்று ஒரு வரி சேர்த்தா, வைக்க மாட்டன்.