பெயரால் தெளியும் வினைப்பொருள்: ஆங்கிலத் தொடர்வினைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லும் அதனையடுத்து வரும் ‘அப்’, ‘ஆஃப்’, ‘ஆன்’ போன்ற சிறுசொல்லும் இணைந்து ஒரே வினையாக நிற்பதுண்டு. இவ்வகைத் தொடர்வினைகளுள் பல, ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைத் தருவன. இவற்றைப் பிரெஞ்சில் பெயர்ப்போர், அகராதி தரும் நிகர்ச்சொற் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே தம் பணி எனக் கருதும் போக்கு உள்ளது. இப்போக்கு போதுமானதன்று. தொடர்வினையின் பொருள் வினைக்குள் மட்டும் இல்லை. அது ஏற்கும் பெயரிலும், அத்தொடர் நிற்கும் சூழலிலும் உள்ளது. ஆகவே மொழிபெயர்ப்பின் அலகு வினை அன்று. பெயரோடு கூடிய வினையே ஆகும்.

இக்கருத்து தமிழிலக்கண மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரக் கிளவியாக்கம், பல்பொருள் ஒருசொல்லை வினைவேறுபடுவன, வினைவேறுபடாதன என இருவகைப்படுத்துகிறது. முதல்வகையின் பொருள் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியும் என்கிறது. ‘மா’ என்பது பூத்தது எனின் மரம். ஓடிற்று எனின் விலங்கு. இங்குப் பெயரின் ஐயத்தை வினை நீக்குகிறது. ஆங்கிலத் தொடர்வினையில் இவ்வுறவு தலைகீழாகிறது. வினையின் ஐயத்தைப் பெயர் நீக்குகிறது.

‘கோ ஆஃப்’ என்னும் வினை இதற்குத் தக்க சான்று. எழுப்புமணி ‘கோ ஆஃப்’ ஆனால் அது ஒலிக்கத் தொடங்குகிறது. விளக்கு ‘கோ ஆஃப்’ ஆனால் அது அணைந்துவிடுகிறது. ஒரே வடிவம் ஓரிடத்தில் தொடக்கத்தையும் மற்றோரிடத்தில் முடிவையும் குறிக்கிறது. வெடிகுண்டு எனின் வெடித்தல். பால் எனின் கெடுதல். பிரெஞ்சு இந்நான்கிற்கும் தனித்தனி வினைகளை வேண்டுகிறது. மணிக்குச் ‘சொன்னே’, விளக்கிற்குச் ‘செத்தேந்த்ர்’, குண்டிற்கு ‘எக்ஸ்ப்ளோசே’, பாலுக்குத் ‘தூர்னே’ என அவை அமைகின்றன. பட்டியலை மனப்பாடம் செய்த மாணவர் நான்கு சொற்களை அறிவார். எந்தப் பெயரோடு எது கூடும் என அறிந்தவரே மொழிபெயர்ப்பார்.

பெயராலும் தெளியாத இடங்களே உண்மையான இடர். ஒரு நிறுவனம் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரை ‘டேக் ஆன்’ செய்தது என்னும் ஆங்கிலச் செய்தித் தொடரைக் கொள்ளலாம். பணிக்கு அமர்த்தியது என்றும் பொருள்படும். எதிர்த்து நின்றது என்றும் பொருள்படும். பிரெஞ்சில் முன்னதற்கு ‘ஆம்போஷே’, பின்னதற்கு ‘அஃப்ரோன்தே’. இரண்டையும் ஒருங்கே தாங்கும் இயல்பான வினை கிடைப்பது அரிது. ‘மா வீழ்ந்தது’ என்பதில் வினை எவ்வாறு உதவாதோ, அவ்வாறே இங்குப் பெயரும் உதவவில்லை. வினைவேறுபடாத பல்பொருள் ஒருசொல்லைக் கிளந்து கூற வேண்டும் என்பது தொல்காப்பிய நெறி. அந்நெறி பேசுவோனுக்கு உரியது. பிரெஞ்சில் பெயர்க்கும்போதோ, மூல ஆசிரியர் கிளந்து கூறாததை மொழிபெயர்ப்பாளர் கிளந்து கூற நேர்கிறது. பிழையான தேர்வு ஒரு பகையை நியமனமாக்கிவிடும். ஆதலின் முன்பின் பத்திகளாகிய சார்பை ஆராயாமல் சொல்லைத் தேர்தல் தகாது. சார்பும் தெளிவு தராதபோது, மூலத்தை எழுதியவரை வினவுதலோ அடிக்குறிப்பிடுதலோ கடமையாகிறது.

தொடர்வினைகள் பேச்சுவழக்கின் எளிமை உடையன; இலத்தீன் வழிவந்த பிரெஞ்சு வினைகளில் அவ்வெளிமை கெட்டு நடை உயர்ந்துவிடும் என்பர் சிலர். இக்கூற்று ஆங்கிலக் காதால் பிரெஞ்சைக் கேட்பதன் விளைவாகும். ‘கோ இன்’ என்பதை நோக்க ‘என்டர்’ ஆங்கிலத்தில் சற்று விறைப்பானது. அதே வேரினதாகிய ‘ஆன்த்ரே’ பிரெஞ்சில் குழந்தையும் வழங்கும் அன்றாடச் சொல். மேலும், பிரெஞ்சுக்கெனப் பேச்சுவழக்கு வடிவங்களும் உள்ளன. ‘கிவ் அப்’ என்பதற்கு ‘ரெனோன்ஸே’ என்பது செவ்விய நடை. புகைப்பழக்கம் பற்றியதாயின் ‘அரேத்தே’ இயல்பானது. நண்பர் உரையாடலாயின் ‘லெசே தோன்பே’ பொருந்தும். இறுதியது ‘விழவிடு’ என்னும் இருவினைச் சேர்க்கை. தமிழின் ‘விட்டுவிடு’ என்பதை நினைவூட்டுவது. நடையிழப்பு மொழியின் குறை அன்று. ஒலியொத்த சொல்லை முதலில் நாடும் மொழிபெயர்ப்பாளரின் குறையே.

இயக்கத்தைக் குறிக்கும் தொடர்வினைகளில் சிக்கல் வேறு வகையினது. ‘ஸ்விம் அக்ராஸ்’ என்பதில் நீந்துதலை வினையும் கடத்தலைச் சிறுசொல்லும் உணர்த்துகின்றன. பிரெஞ்சில் கடத்தல் முதன்மை வினையாகி, நீந்துதல் ‘அ லா நாஜ்’ என அடையாகிறது. ழான்-போல் வினே, ழான் தார்பெல்நே ஆகியோர் 1958-இல் வெளியிட்ட பிரெஞ்சு, ஆங்கில ஒப்பீட்டு நடையியல் நூல் இவ்விடமாற்றத்தை விளக்கியுள்ளது. தமிழும் ‘நீந்திக் கடந்தான்’ என வழியை முற்றிலும் விதத்தை எச்சத்திலும் வைக்கும். எனவே தமிழ் வழியாக இவ்விரு மொழிகளையும் பயில்வோர்க்கு இம்மாற்றம் அயலானதன்று. ஆங்கில அமைப்பை அளவுகோலாகக் கொண்டு பயிற்றுவதே அதனை அயலாக்குகிறது.

இவற்றிலிருந்து இரு தேவைகள் பெறப்படுகின்றன. ஒன்று, கற்பித்தற்குரிய இருமொழி அகராதிகள் தொடர்வினையின் பொருள்களை எண்ணிட்டு அடுக்குவதோடு நில்லாமல், அவ்வினை கூடும் பெயர்களின் இனத்தை முன்வைத்து அமைய வேண்டும். மற்றொன்று, மொழிபெயர்ப்புப் பயிற்சியும் தேர்வும் தனிச்சொல்லுக்கு நிகர்ச்சொல் கேட்பதை விடுத்து, பத்தியளவிலான சூழலைத் தந்து, தேர்வுக்கான காரணத்தையும் கேட்க வேண்டும். வினை, இனம், சார்பு எனத் தொல்காப்பியம் காட்டிய தெளிவுநெறி இப்பயிற்சிக்கு ஆயத்தமான கருவியாக உள்ளது. அது பழந்தமிழ்ச் சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியது எனக் கொள்வது அதன் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.