அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள்

தனியாகக் கம்பு சுற்றுகிறவனுக்குச் சலிப்புத் தட்டினால் அதற்குப் பெயர் சோம்பல், வேறு காரணம் தேடாதே என்று எழுதியிருக்கிறார் நண்பர். சான்றுக்கு வடசென்னைக் குத்துச்சண்டைக்காரர்களை இழுத்து வருகிறார். வைராக்கியம் ஒன்றையே துணையாக வைத்து வளர்ந்தவர்களாம்.

இதைவிடப் பொருந்தாத சான்று அவருக்குக் கிடைத்திருக்காது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் எவன் தனியாக வளர்ந்தான்? சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரையின் பெயரைச் சுமந்துகொண்டுதானே மேடை ஏறினார்கள்? கை தாழ்ந்தால் அதட்ட வாத்தியார் இருந்தார். கூட அடி வாங்கப் பங்காளிகள் இருந்தார்கள். தோற்றால் தெருவில் தலைகாட்ட முடியாது என்கிற ரோஷம் விடியலில் உலுக்கி எழுப்பியது. 2021இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படத்தையாவது அவர் முழுதாகப் பார்த்தாரா? அதில் விழுந்து கிடந்த நாயகன் கபிலன் மறுபடி எழுந்தது தானாகவா? கடற்கரையில் பீடி ராயப்பன் கூடவே நின்று பழக்கினாரே!

இப்போது, அவர் சோம்பேறி என்கிறவன் வேலை செய்யும் காட்டுப்பள்ளிக்கு வாருங்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். நைட் முடித்து, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அத்திப்பட்டு வரை வண்டி ஓட்டி வருகிறவன் எந்த வாத்தியாரின் வகுப்புக்கு நேரத்தோடு போய் நிற்பான்? வேறு வழியில்லாமல்தான் அவன் தனியாகச் சுற்றுகிறான்.

நானும் அப்படிச் சுற்றியவன். இடக்கை வீச்சில் என் மணிக்கட்டு மடங்கியதை எட்டு மாதம் யாரும் சொல்லவில்லை, சொல்ல ஆளில்லை. தினமும் ஒரு மணி நேரம் அந்தப் பிழையைத்தான் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தேன். கம்பைப் பார்த்தாலே வெறுப்பு வந்தது. இன்று யோசித்தால் அந்த வெறுப்பு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது: உழைப்பு வீணாகிறது, நிறுத்து என்று.

மனசைக் கல்லாக்கு என்பது நண்பர் தரும் மருந்து. கல்லான மனசோடு அதே பிழையை இன்னும் இரண்டு வருடம் செய்திருப்பேன், அவ்வளவுதான். என்னைக் காப்பாற்றியது சுண்ணாம்பு. மொட்டைமாடியில் கோடு போட்டு, கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காலடி மட்டும் பழகினேன். கால் கோட்டைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரிந்தது. நேற்று பதினொரு தடவை தாண்டியது இன்று ஏழு என்றால், நாளைக்கும் மாடி ஏறத் தோன்றியது. கம்பை மறுபடி எடுத்தபோது, வலக்கைக்கு ஐம்பது வீச்சு என்றால் இடக்கைக்கு நூறு. ஞாயிறன்று செல்போனில் படம் பிடித்து ஒரு வாத்தியாருக்கு அனுப்பத் தொடங்கினேன். "தோளைப் பாரு, ஏறுது" என்று ஒரே வரி பதில் வரும். அந்த ஒரு வரி அடுத்த ஞாயிறு வரை தாங்கும்.

நண்பர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே பயிற்சிக்கூடம். எதிரே கம்பு பிடிக்க எப்போதும் நாலு பேர். அங்கே உட்கார்ந்துகொண்டு, பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு ஒற்றை ஆளாகக் கம்பை எடுக்கிறவனைச் சோம்பேறி என்று எழுத அவருக்குக் கை வந்திருக்கிறது. அந்த வரியை அவர் திரும்பப் பெற வேண்டும்.