இரும்புச் சட்டையும் பதினைந்து ஆடுகளும்

கவசம் பூண்ட ஒரு மாவீரன் நூறு சாதாரண மனிதர்க்கு ஈடாவான் என்று புந்தோங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நம் முகத்துக்கு நேரே கூறப்பட்டது. கூறியவர் சிறு பிள்ளையல்லர்; படிப்பை முடித்து ஈப்போவில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர். அவர் முன்னே ஒரு பெரிய மேசை. மேசைமேல் இடிந்த நகரம் ஒன்று அட்டையாலும் பிளாஸ்டிக்காலும் எழுப்பப்பட்டிருந்தது. அதன் நடுவே விரல் நீளமுள்ள பொம்மை வீரர்கள், தோள்மேல் பூசணிக்காய் போன்ற இரும்புத் தகடு தாங்கி, நீலமும் சிவப்பும் பூசப்பட்டு நின்றனர். அளவுநாடாவால் தூரம் அளப்பதும், கைநிறையப் பகடை உருட்டுவதும், தடித்த விதிப்புத்தகத்தைப் புரட்டி வழக்காடுவதுமாக நான்கு மணி நேரம் யுத்தம் நடந்தது.

இவ்விளையாட்டை அறியாத தோட்டத்து அன்பர்களுக்குச் சொல்லி விடுகிறோம். ‘வார்ஹாமர் 40,000’ என்பது இதன் பெயர். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்துக் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் கம்பெனியார் 1987-ல் வெளியிட்டது. இற்றைக்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் விண்வெளியில் நிகழும் ஓயாப் போர் இதன் கதை. உடலை மாற்றியமைத்து, இயந்திரக் கவசத்துக்குள் அடைத்து உண்டாக்கப்பட்ட ‘ஸ்பேஸ் மரீன்’ என்னும் வீரரே இதன் நாயகர். ஆயிரம் பேர் கொண்டது அவர்களுடைய ஒரு படைப்பிரிவு. அந்த ஆயிரம் பேர் உலகங்களையே அடக்குவராம்.

விளையாடுவோரைப் பழிக்க நாம் எழுதவில்லை. பிள்ளைகள் பொம்மை வைத்து ஆடுகிறார்களே என்று மூக்கின்மேல் விரல் வைக்கும் பெரியோர், அதே மாலையில் சினிமாக் கதாநாயகன் ஒற்றைக் கையால் முப்பது பேரை வீழ்த்துவதைக் கண்டு கைதட்டி வருகிறார்கள். அவர்களுக்கு இதைக் குறைகூற உரிமையில்லை. நமக்கும் ஒரு பொம்மையும் தூரிகையும் தந்தார்கள். கண் வரைய முயன்றோம், மீசை வந்தது. அதில் எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை அன்றே அறிந்தோம். நம் வழக்கு விளையாட்டோடு அன்று. ஒருவன் நூறு பேருக்கு ஈடு என்னும் அந்தக் கொள்கையோடு.

இக்கொள்கை விண்வெளியிலிருந்து வந்ததன்று. கர்ணனைக் கவசத்தோடே பிறக்க வைத்தது நம் பழங்கதை. ஆனால் அக்கதையைக் கட்டினவர்களுக்கு இருந்த விவேகம் இவ்விதிப்புத்தகம் எழுதினோர்க்கு இல்லை. கர்ணனுடைய கவசத்தை எந்த அம்பும் துளைக்கவில்லை; பிச்சை கேட்டு வந்தவன் வாங்கிக்கொண்டு போனான். கவசம் அடிபட்டு அழிவதில்லை. வேறு வழியாகவே போகிறது என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

நம் இளைஞர் இதற்கு விடையாகச் சிலிம் ரிவர் போரைச் சொன்னார். சொன்னதற்காக அவரைப் பாராட்டுகிறோம். நம் பேராக் மாநிலத்திலேயே நடந்ததை இங்கிலாந்துப் பொம்மையோடு சேர்த்து நினைத்தாரே! 1942 ஜனவரி 7-ந் தேதி விடியுமுன் ஜப்பானியரின் டாங்கிகள் ஏறத்தாழ முப்பது, ட்ரோலாக் பக்கமிருந்து பெருஞ்சாலை வழியே தெற்கு நோக்கிப் பாய்ந்தன. பதினோராம் இந்தியப் படைப்பிரிவின் இரண்டு பிரிகேடுகள் ஒரே காலையில் சின்னாபின்னமாயின. சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்காக்கள் பின்னாலிருந்து டாங்கிகளால் தாக்கப்பட்டனர். ரப்பர்த் தோட்டங்களுக்குள் சிதறியவர் பலர் பிறகு சிறைப்பட்டனர். சிலிம் ஆற்றுப் பாலம் தகர்க்கப்படாமலே பகைவர் கையில் சிக்கிற்று. “இரும்பு வென்றதா இல்லையா?” என்று கேட்டார் இளைஞர்.

இரும்பு எவ்வளவு கனம் என்று நாம் திருப்பிக் கேட்டோம். அந்தச் சிறு டாங்கிகளின் தகடு மிகத் தடித்த இடத்தில் 12 மில்லிமீட்டர், பெரியவற்றுக்கு 25. அக்காலத்து ஐரோப்பியப் போர்க்களத்தில் அது தகரப் பெட்டிக்குச் சமானம். பின் எதனால் வென்றது? மலாயாவில் பிரிட்டிஷாரிடம் அன்று எதிர்த்து நிறுத்த ஒரு டாங்கிகூட இல்லை. சிப்பாய்கள் வாரக்கணக்காகப் பின்வாங்கித் தூக்கமின்றிச் சோர்ந்திருந்தனர். போட்ட கண்ணிவெடி போதவில்லை. எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: பெருஞ்சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் காட்டுக்குள்ளே அப்படியே கிடந்தன. காவல் இல்லாத அந்த வளைவுகளில் நுழைந்து டாங்கிகள் தடைகளைச் சுற்றிக்கொண்டு போயின. வென்றது தகடு அன்று, பழைய ரோடு. அப்படிப் பாய்ந்து வந்தவை எங்கே நின்றன? பாலத்துக்கு அப்பால் சில மைலில், ஒரு பீரங்கிக் குழுவினர் தங்கள் ஹவிட்சர் பீரங்கியை மிக அருகில் நிறுத்திச் சுட்டு முதல் டாங்கியை முடக்கினார்கள். முன்னே நின்றது முடங்க, பின்னே வந்தவையும் நின்றன. ஒற்றைச் சாலையில் பின்வரிசைக்கு வேறு வழியேது?

இன்னும் ஒரு வாரம் பின்னே போவோம். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் நடந்த சண்டையில் இதே பகைவர் மலைமுகடுகளில் மோதி மோதி மாண்டனர். அம்முகடுகளைக் காத்தவர்கள் கவசமில்லாத வெள்ளைக்காரச் சிப்பாய்களும் பஞ்சாபியரும் கூர்க்காக்களும். அவர்களும் முடிவில் பின்வாங்கியது தோற்றதனால் அன்று. ஜப்பானியர் கடல்வழி வந்து ஊத்தான் மெலிந்தாங்கில் இறங்கிப் பின்பக்கத்துச் சாலையை அறுக்க முனைந்ததனால். மேசையில் இதை ஆடிப் பார்த்தால், முகட்டில் நின்ற பொம்மைகளுக்கே வெற்றிப்புள்ளி விழும். மேசையின் விளிம்புக்கு அப்பால் ஒரு கடல் இருப்பது பகடைக்குத் தெரியாது.

நிலத்தை விட்டுவிட்டுப் போரைப் பேசுவது தமிழருக்கு அழகன்று. தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சிக்கும், வஞ்சியை முல்லைக்கும், உழிஞையை மருதத்துக்கும், தும்பையை நெய்தலுக்கும் புறமாக வைத்தார். ஆநிரை கவர்வது மலைச்சாரலில். மதில் முற்றுவது வயலும் ஊரும் உள்ள இடத்தில். நிலம் மாறினால் போர்முறையும் மாறும் என்ற அடிப்படைமேல் இலக்கணமே எழுந்தது. இந்த மேசையிலோ எந்நிலமாயினும் தும்பை ஒன்றே: இரு படையும் நேருக்கு நேர் நின்று மோதுவது. ஆநிரை கவர வந்த நால்வர், கவசவீரனின் எண்ணெய்ப் பீப்பாயைக் கவர்ந்து போனால் அவன் என்ன செய்வான்?

எண்ணெய் என்றோம். இங்கேதான் கற்பனையின் கால் இடறுகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியார் 1960-களில் ‘ஹார்டிமன்’ என்று ஓர் இயந்திரச் சட்டை செய்தனர். எடை ஏறத்தாழ 680 கிலோ. முழுவதையும் ஒருங்கே இயக்கினால் அடங்காமல் உதறிற்று. மனிதனை உள்ளே வைத்து நடத்தும் துணிவு எவருக்கும் வரவில்லை. பின்னர் 2013-ல் அமெரிக்கச் சிறப்புப்படையினர் ‘டாலோஸ்’ என்ற பெயரில் குண்டு துளைக்காத இயந்திரக் கவசம் செய்வதாகப் பறைசாற்றினர். 2019-ல் முழுக் கவசம் கைகூடாது என்று கைவிட்டனர். மனிதனையும் சுமந்து, தகட்டையும் சுமந்து, அவற்றை இயக்கும் மின்சாரத்தையும் சுமக்க வேண்டுமெனில் சுமையே சுமையைப் பெருக்குகிறது. விளையாட்டில் இத்தொல்லை இல்லை. முதுகில் ஓர் அணு உலை என்று எழுதிவிட்டார்கள்.

உலை எரிந்தால் சூடு எங்கே போகும்? இதற்கு விடை அறிய அமெரிக்கா போக வேண்டாம். எந்தச் செம்பனைத் தோட்டத்துக்கும் வரலாம். செக்ரோல் எழுதும் கிராணியாகிய நாம் கண்டதைச் சொல்கிறோம். களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண்கள் காலையில் பிரட்டுக் களத்தில் நிற்கும்போது கையுறை, முகமூடி, ஏப்ரன், ரப்பர்ப் பூட்ஸ் அனைத்தும் பூண்டு, முதுகில் மருந்துத் தொட்டியோடு, மேசைமேல் நின்ற அதே கவசவீரர் போலவே தோன்றுவர். பத்து மணிக்குத் துண்டுக்குள் போய்ப் பார்த்தால் முகமூடி கழுத்தில் தொங்கும், கையுறை இடுப்பில். ஏனம்மா என்றால், “உள்ளே வேகுது ஐயா” என்பர். வேர்வை ஆவியாகாத இடத்தில் உடம்பு தானே தன்னை அவிக்கிறது. மூச்சைக் காக்க வந்த கவசம் மூச்சை முட்டவைத்ததால் அவர்கள் அதைக் கழற்றினார்கள். மருந்தை மூச்சில் வாங்கினார்கள். பாராகுவாட் மருந்தை 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யும் வரை எத்தனை ஆண்டு இப்படி! நாம் முன்பு வேலைபார்த்த ஒரு தோட்டத்தில், “கவசம் வழங்கப்பட்டது” என்ற பத்தியில் ஒவ்வொரு நாளும் குறி போடச் சொன்னார்கள், நாமும் போட்டோம். அணியப்பட்டதா என்று கேட்க அந்தப் புத்தகத்தில் பத்தியே இல்லை. அக்குறிகளைப் போட்டது நம் கைதான் என்பதை மறைக்கவில்லை.

விதி எழுதுகிறவன் தனக்குப் பிரியமான காய்க்கு விதியை வளைப்பான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியும் உண்டு. 1942 மே மாதம் ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் மிட்வே போரை மேசைமேல் ஆடிப் பார்த்தனர். பகடை அவர்களுடைய விமானந்தாங்கிக் கப்பல்களை மூழ்கடித்தது. நடுவராயிருந்த தளபதி உகாக்கி குண்டுபட்ட கணக்கைக் குறைத்தார். மூழ்கிய கப்பல் மறுபடியும் மிதந்தது. ஜூன் மாதம் உண்மைக் கடலில் அவர்களுடைய நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின. அங்கே நடுவர் இல்லை.

அந்த ஆண்டின் கணக்கு நம்மவரோடும் வந்து முடிந்தது. கடல் ஆபத்தாகவே, பர்மாவில் இருந்த சேனைக்குச் சோறும் வெடியும் அனுப்பச் சயாமிலிருந்து இருப்புப்பாதை வேண்டியதாயிற்று. 415 கிலோமீட்டர். தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆள் பிடிக்கப்பட்டனர். மலாயாவிலிருந்து போனவர் 70,000-க்கும் மேல், பெரும்பான்மையோர் தமிழர். வாந்திபேதியிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மாண்டனர். டாங்கியின் சக்கரத்துக்கும் சிப்பாயின் கவளத்துக்கும் பின்னால் இத்தனை பிணங்கள் வேண்டியிருந்தன. பேராக்கில் பிறந்த இளைஞரே, உம்முடைய படைப்பெட்டி ஒன்றின் விலை ஒரு வெட்டுக்காரரின் பல நாட்கூலி. அப்பெட்டிக்குள் தண்டவாளக்கட்டை சுமக்கும் பொம்மை ஒன்றேனும் உண்டா? இருப்பின் அதற்கு நீலம் பூசுவீரா, சிவப்பு பூசுவீரா?

இவ்வளவும் அன்று பேசியபின், பேச்சால் ஒருவரையும் மாற்ற இயலாது என்று கண்டு, அஞ்சடியின் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டோம். புலிக்கு அவருடைய கவசவீரர் மூவரையே வைத்தோம். ஆடுகளுக்குப் பக்கத்துக் கச்சாங் பூத்தே பொட்டலத்திலிருந்து பதினைந்து கடலை. புலி தாண்டிக் கொல்லும், ஆடு கொல்லாது. ஆயுதம் இல்லை, கவசம் இல்லை. ஒன்றின் பின்னே ஒன்று காலியிடமின்றி நிற்பதே அதன் முழுப் பலம். முதல் ஆட்டத்தில் ஏழு கடலையைத் தாண்டி அவர் வென்றார்; நாம் அவசரப்பட்டு இடைவெளி விட்டோம். இரண்டாவதில் நான்கை இழந்து மூன்று வீரரையும் மூலையில் அடைத்தோம். கவசத்தில் ஒரு கீறல் இல்லை. துப்பாக்கியும் கையிலேயே இருந்தது. அடி எடுத்து வைக்க இடமில்லை.

“இது வேறு விளையாட்டு” என்றார் இளைஞர். இல்லை என்கிறோம். தம் மேசையில் மூன்று விதி சேர்க்கட்டும்: நான்கு சுற்றுக்கு ஒருமுறை எண்ணெய் வராத கவசம் நின்றுவிட வேண்டும், வெயிலில் இரண்டு சுற்று ஓடியவன் மூன்றாவதில் முகமூடி கழற்ற வேண்டும், எதிரி மேசையின் எந்த விளிம்பிலிருந்தும் வரலாம். இவ்விதிகளோடு அவருடைய ஆயிரவர் உலகை அடக்கட்டும், பார்க்கிறோம். வரும் ஞாயிறு மூன்று மணிக்கு அதே அஞ்சடியில் இருப்போம். முதல் ஆட்டத்தில் வெட்டுண்ட ஏழு கடலையை அவர் தின்றுவிட்டார். புதுப் பொட்டலம் அவர் செலவு.