புருவத்தின் வேலை

சென்ற மாதம் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். ஜமுனாமரத்தூரில் சாமை விற்றுக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி படியை அளந்து கொட்டிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள். அப்போது அவள் நெற்றியில் ஐந்தாறு கோடுகள், உழுத நிலம் போல் எழும்பின. உடன் வந்திருந்த என் தமக்கையார் உடனே தம்முடைய நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வருகிற தை மாதம் அவர் பெண்ணுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் முன்னிலையில் இந்தக் கோடுகளோடு நிற்பதா என்பது அவருடைய விசாரம்.

"பட்டணத்தில் ஊசி போட்டு இதையெல்லாம் போக்கிவிடுகிறார்களாமே, தம்பி!" என்றார்.

போக்குகிறார்கள் என்பது மெய்தான். ஆனால் போடாக்ஸ் என்னும் அந்த ஊசியில் இருப்பது சாக்ஷாத் விஷம் என்றால் நேயர்கள் திடுக்கிடக்கூடும். இருநூறு வருஷங்களுக்கு முன் ஜெர்மனியில் கெட்டுப்போன மாமிசப் பண்டத்தைத் தின்று பலர் மாண்டார்கள். யுஸ்டினஸ் கெர்னர் என்ற வைத்தியர் அதை ஆராய்ந்தார், அவர் கவிஞருங்கூட. அந்த விஷத்தை உண்டாக்கும் கிருமியை 1895இல் பெல்ஜியத்தில் வான் எர்மெங்கெம் கண்டுபிடித்தார். பிற்பாடு ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் வைத்தியர் அதே விஷத்தை அணுவளவாக்கி மாறுகண்ணுக்கு மருந்தாக்கினார். 1989இல் அமெரிக்க அரசாங்கம் அதற்கு அனுமதி கொடுத்தது. அவ்விதம் கண்ணுக்குப் போட்ட ஊசியால் புருவ மத்தியின் சுருக்கம் மறைவதைக் கனடாவில் கர்ரதர்ஸ் தம்பதிகள் கவனித்து, 1992இல் உலகுக்கு அறிவித்தார்கள். மனைவி கண் வைத்தியர். கணவர் தோல் வைத்தியர். 2002இல் அழகுக்காகவும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நரம்பு இடும் கட்டளை தசைக்கு எட்டாதபடி இம்மருந்து தடுத்துவிடுகிறது. தசை ஓய்கிறது, மேலே மடிந்த தோல் நிமிர்கிறது. இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் பழைய நிலை திரும்பிவிடும்.

இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. புருவம் ஓயாத கயிறிழுப்புப் பந்தயத்தில் இருக்கிறது. அதை மேலே தூக்குவது நெற்றித் தசை ஒன்றுதான். கீழே இழுப்பவையோ பல: புருவங்களுக்கு நடுவேயுள்ள தசைகளும், கண்ணைச் சுற்றி வளையமாயுள்ள தசையும். எந்தப் பக்கத்தை ஓயச் செய்கிறோமோ, அதற்கு எதிர்ப் பக்கம் ஜெயிக்கும். நெற்றியின் நடுவில் மட்டும் மருந்தேற்றினால் புருவத்தின் வால் கொம்பு போல் தூக்கிக்கொள்ளும். எலும்பு விளிம்பை ஒட்டிப் போட்டால் மருந்து பரவி, இமையே வாரக்கணக்கில் சரிந்து தொங்கலாம். புருஷர்களின் புருவம் தாழ்ந்து நேராயிருக்கும். ஸ்திரீகளுடையது சற்று உயர்ந்து வளைந்திருக்கும். ஆகவே ஒருவருக்குப் போட்ட அளவை அப்படியே மற்றவருக்குப் போடுவது, ஒருவர் மூக்குக் கண்ணாடியை இன்னொருவர் மாட்டிக்கொள்வது போலத்தான்.

நமது பரத சாஸ்திரம் புருவத்துக்கு மட்டும் ஏழு அசைவுகளை வகுத்திருக்கிறது. அந்த ஏழையும் அறியாத கை, ஊசியைத் தொடலாகாது என்று நான் சொல்வேன்.

அன்று மாலை காவலூர் வான ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றோம். 1986இல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய தொலைநோக்கியில் 2.34 மீட்டர் அகலமுள்ள கண்ணாடி இருக்கிறது. நம் நாட்டவர்களே அதை அளந்து அளந்து தேய்த்து உருவாக்கினார்கள். நட்சத்திரத்தைப் பார்க்கும் கண்ணாடிக்கு அவ்வளவு பொறுமை வேண்டுமென்றால், மனித முகத்துக்கு வேண்டாமா?

ஊர் திரும்பியதும் தமக்கையாரை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ஊசியை எடுக்கவில்லை. "கண்ணை மூடுங்கள், அம்மா. நெற்றி தளரட்டும். இப்போது திறந்து பாருங்கள்" என்றார். கண் திறக்கும்போதே புருவமும் கூடவே உயர்ந்தது. டாக்டர் புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் திறக்கச் சொன்னார். மேலிமையின் தளர்ந்த தோல் பாதிக் கண்ணை மறைத்துவிட்டது!

"அம்மா, உங்கள் இமை கனத்துவிட்டது. நெற்றிதான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நான் ஊசி போட்டால் கோடு மறையும்; ஆனால் கல்யாணத்தை நீங்கள் சரியாகப் பார்க்க முடியாது. முதலில் கண் வைத்தியரிடம் இமையைக் காட்டுங்கள்."

தமக்கையார் வெகுநேரம் பேசவில்லை. வாசற்படி இறங்கும்போது, "அந்தச் சாமைக்காரி நம்மைப் பார்ப்பதற்காகத்தான் நெற்றியைச் சுருக்கினாளோ?" என்றார்.

"இருக்கலாம், அக்கா."

"அவளையும் யாராவது கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டாமா?"

அடுத்த வாரம் மறுபடியும் மலைக்குப் புறப்படுகிறோம்.