இழுக்கும் சரி, தாங்குமா?

அமெரிக்காவில் பெரிய படகு வாங்கியவர், அதை இழுக்க எந்த பிக்கப் வாங்கலாம் என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு பேரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "உங்க படகு 10,000 பவுண்டுக்குள்ளதானே? இந்த அரை டன் வகை பிக்கப் 13,000 இழுக்கும்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான். இன்னும் 3,000 மிச்சம் இருக்கு. அப்புறம் என்ன யோசனை?" விற்பனையாளரும் இதையே சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் இதையே சொல்கிறார். கழித்தல் கணக்கில் தப்பில்லை. கழிக்க எடுத்துக்கொண்ட எண்களை அப்படியே நம்புவதுதான் தப்பு.

அந்த 13,000 பொய் என்று நான் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது உண்மை. பிறகு எஸ்ஏஇ ஜே2807 என்ற பொது அளவுகோல் வந்தது. 2011 மாடல் டன்ட்ராவுக்கு டொயோட்டா அதை முதலில் ஏற்றது. 2015 வாக்கில் ஃபோர்டு, ஜிஎம், ராம் மூன்றும் வந்து சேர்ந்தன. அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்குக் கிழக்கே டேவிஸ் டேம் ஏற்றம் என்று ஒரு சாலை இருக்கிறது. 11 மைலுக்கு மேல் ஏறிக்கொண்டே போகும். சோதனைக்கு அடிப்படை அந்த ஏற்றம்தான். 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, டிரெய்லரோடு ஏற வேண்டும். சாதாரண பிக்கப் 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. கடுமையான பரீட்சைதான். ஆனால் அதில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு வைப்பது இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு. பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, நாய் இல்லை. தவிர, விளம்பரத்தில் வரும் பெரிய எண் ஒரு குறிப்பிட்ட கேபின், ஒரு குறிப்பிட்ட எஞ்சின், ஒரு குறிப்பிட்ட ஆக்ஸில் விகிதம், டோயிங் பேக்கேஜ் எல்லாம் சேர்ந்த வண்டிக்கு உரியது. ஷோரூமில் தோல் சீட்டும் கண்ணாடிக் கூரையுமாகப் பளபளத்து நிற்கும் நான்கு கதவு வண்டிக்கும் அதே எண்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது படகின் எடை. கம்பெனித் தாளில் இருப்பது பெரும்பாலும் வெறும் கூட்டின் எடை. 26 அடிப் படகு ஒன்றுக்கு 5,500 பவுண்டு என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 300 குதிரைத் திறன் மோட்டார் இரண்டு மாட்டினால் 1,100 பவுண்டு கூடும். பெட்ரோல் ஒரு கேலன் 6 பவுண்டுக்குச் சற்று மேல். 180 கேலன் நிரப்பினால் இன்னொரு 1,100. டிரெய்லர் 1,900. பேட்டரி, நங்கூரம், கயிறு, உயிர்காப்பு ஜாக்கெட், மீன்பிடி சாமான் எல்லாம் சேர்ந்து 400. கூட்டிப் பார்த்தால் 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன். "5,500 பவுண்டு படகுதானே" என்று பேசத் தொடங்கியவர் அதைப்போல் இரண்டு மடங்கை நெருங்கிவிட்டார்.

பரவாயில்லை, 13,000க்குள்தானே இருக்கிறது என்பார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு வந்து மூடும் தூணில், டயர் காற்றழுத்தம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு, இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஒரு வரி. இது அந்த மாடலுக்குப் பொதுவான எண் அல்ல. நீங்கள் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த ஒரு வண்டிக்கு உரிய எண். வசதிகள் கூடக் கூட இது குறையும். வசதியான அரை டன் வண்டிகளில் 1,500 பவுண்டு என்பது சகஜம். பெரிய படகுக்கு வண்டி பார்க்கிறவர் முதலில் படிக்க வேண்டியது இந்த வரியைத்தான்.

டிரெய்லர் பின்னால்தானே உருளுகிறது, வண்டியின் சுமையோடு அதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். டிரெய்லரின் முன்மூக்கு வண்டியின் கொக்கியை அழுத்துகிறது. டங் வெயிட் என்பது அந்தப் பாரம்தான். மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் இருக்க வேண்டும். அது ரொம்பக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆக நம் படகு கொக்கியின் மேல் வைப்பது 1,000 பவுண்டு. ஸ்டிக்கரில் உள்ள 1,500இல் மீதி 500. கணவன் மனைவி இருவரும் 350, பிள்ளைகள் இரண்டு பேரும் 200, கொக்கிச் சட்டம் 50. மொத்தம் 600. பெட்டி படுக்கை எதையும் ஏற்றாமலே 100 பவுண்டு அதிகமாகிவிட்டது. இழுவைக் கணக்கிலோ இன்னும் 3,000 மிச்சம் கிடக்கிறது! முதலில் தீர்ந்துபோவது இழுக்கும் பலம் அல்ல, தாங்கும் பலம்.

இதைவிடக் கண்ணுக்குப் படாத இடம் ஒன்று உண்டு. வண்டிக்குப் பின்னால் குனிந்து கொக்கிச் சட்டத்தின் லேபிளைப் பார்த்தால் பல வண்டிகளில் இரண்டு வரி இருக்கும். ஃபோர்டு எஃப்-150இன் பல ஆண்டு மாடல்களில், கொக்கியில் நேராக மாட்டி இழுத்தால் 5,000 பவுண்டு டிரெய்லரும் 500 பவுண்டு டங் வெயிட்டும்தான் உச்சம். விளம்பர எண் அடுத்த வரியில் இருக்கிறது. அது எடையை முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்துகொடுக்கும் ஸ்பிரிங் கம்பிகள் பூட்டிய கொக்கிக்கு உரியது. வீட்டு டிரெய்லர்காரருக்கு இதில் சிக்கல் இல்லை. கம்பிகளைப் பூட்ட முக்கோணச் சட்டம் அவர் டிரெய்லரிலேயே இருக்கிறது. படகு டிரெய்லர்கள் பலவற்றின் முன்பகுதி ஒற்றைக் குழாய். தவிர, அவற்றின் பிரேக் வேலை செய்ய இணைப்புத் தலை முன்னும் பின்னும் நகர வேண்டும். கம்பிகள் அதை இறுக்கிவிடலாம். இதற்கென்றே செய்த கொக்கிகள் கிடைக்கின்றன. ஆனால் வண்டியை வாங்கிய பிறகு தேடுகிற பொருளா அது?

பிரேக் பேச்சு வந்ததால், "இழுத்துவிட்டால் போதும், டிரெய்லருக்குத்தான் தனி பிரேக் இருக்கே" என்ற சமாதானத்தையும் பார்த்துவிடலாம். பெரும்பாலான படகு டிரெய்லர்களில் இருப்பது சர்ஜ் பிரேக். முன்வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் அதன்மேல் சாய்கிறது. அந்தத் தள்ளலில்தான் ஹைட்ராலிக் பிரேக் பிடிக்கிறது. சமதளத்தில் அருமையாக வேலை செய்யும். டேவிஸ் டேம் ஏற்றத்தில் கஷ்டப்பட்டு ஏறியவர் அதே சாலையில் அடிவாரத்தில் உள்ள மோஹாவே ஏரியை நோக்கி இறங்க வேண்டுமே, அங்கேதான் தொல்லை. கியரைக் குறைத்து எஞ்சின் பலத்தில் வண்டியை அடக்கினால் டிரெய்லர் வழி நெடுகத் தள்ளிக்கொண்டே வரும். அதன் பிரேக் விடாமல் உரசிச் சூடேறும். மின்கட்டுப்பாட்டு ஹைட்ராலிக் பிரேக் இருந்தால் எப்போது, எவ்வளவு பிடிப்பது என்பது ஓட்டுநர் கையில். மலைப்பாதை உள்ளவர்கள் குதிரைத் திறனுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுக்கலாம்.

நான்கு சக்கர இயக்கம் (ஃபோர் வீல் டிரைவ்) வீண் செலவு என்றும் சொல்வார்கள். தட்டையான சாலைக்கு அது சரி. படகை இறக்கி ஏற்றும் பாசி படிந்த சரிவில் பின்சக்கரம் தண்ணீரோரம் நிற்க, நாலரை டன்னை மேலே இழுக்கும்போது அது வேண்டும்.

"எதற்கு வம்பு, அடுத்த பெரிய வகையான முக்கால் டன்னில் டீசல் வாங்கிவிடு" என்பது அடுத்த அறிவுரை. பாதி சரி. கனமான சட்டம், பெரிய பிரேக், இறக்கத்தில் உதவும் எக்ஸாஸ்ட் பிரேக் எல்லாம் நிஜமான லாபம். ஆனால் டீசல் எஞ்சின் கனமானது. முக்கால் டன் வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பை, அடுத்த வகுப்புக்குள் போய்விடாமல் இருக்க, 10,000 பவுண்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த 10,000இல் எஞ்சினும் சொகுசும் தின்றதுபோக மிஞ்சுவதுதான் கதவு ஸ்டிக்கரில் வரும். சில உயர்ரக டீசல் வண்டிகளில் அது எளிமையான ஓர் அரை டன் வண்டியின் எண்ணை விடப் பெரிதாக இருக்காது. அதே முக்கால் டன்னை பெட்ரோல் எஞ்சினோடு எடுத்தால் பல நூறு பவுண்டு கூடுதலாகத் தாங்கும். என் பரிந்துரை அதுதான். வாரம் தவறாமல் மலை ஏறி இறங்குகிறவர் அதற்கும் மேல் வகையான ஒரு டன் டீசலுக்கே போய்விடலாம்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் படகை இறக்குகிறவர் இந்தக் கணக்கு எதையும் போட வேண்டியதில்லை. ஏரிப் பக்கத்திலேயே வாடகைக்கு இடம் பிடித்துப் படகை அங்கேயே நிறுத்திவைக்கலாம். தண்ணீரில் இறக்கித் திரும்ப ஏற்றிக் கொடுக்கவும் பல இடங்களில் ஆள் உண்டு. வீட்டிலிருந்து சாதாரணக் காரிலேயே போய்ச் சேரலாம்.