சாவி நுழைந்தது, திரும்பவில்லை

கேரவன் என்ற சொல் தமிழ்நாட்டில் நடிகர்கள் படப்பிடிப்புக்கு நடுவே ஓய்வெடுக்கும் வண்டியைக் குறிப்பதாகிவிட்டது. இங்கிலாந்தில் அது காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் வீடு. 1885ல் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர் பிரிஸ்டலில் ஒரு குதிரை வண்டியைச் செய்வித்து, 'வாண்டரர்' என்று பெயரிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார். உல்லாசப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் கேரவன் அதுதான் என்பார்கள். அவர் வண்டியில் எரிவாயு சிலிண்டர் கிடையாது. இன்றைய வண்டிகளில் உண்டு. அந்தச் சிலிண்டர் இருக்கும் அறையின் வெளிக்கதவுப் பூட்டைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

மழைக்காலமும் குளிர்காலமும் மூடியே கிடந்த எங்கள் பழைய வண்டியை மார்ச் மாதத்தில் திறக்கப் போனோம். வாசற்கதவு திறந்தது. சிலிண்டர் அறையில் சாவி நுழைந்தது, திரும்பவில்லை. பக்கத்து வண்டிக்காரர் அன்போடு குறடு கொண்டுவந்தார். இன்னொருவர் எண்ணெய் விடச் சொன்னார். மூன்றாமவர், பூட்டின் நடுவில் துளைபோட்டுவிட்டால் ஐந்து நிமிட வேலை என்றார். மூன்று யோசனைகளும் தவறு என்பதே என் கட்சி.

இந்தப் பூட்டுகளுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு சிறு சுருள்வில்லின் மேல் நிற்கின்றன. சாவியின் பற்கள் அவற்றைச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுழலும். ஒரு தகடு ஒட்டிக்கொண்டாலும் சுழலாது. குறடு போட்டுத் திருகினால் முறிவது சாவி. பாதிச் சாவி உள்ளே நின்றுவிடும். எண்ணெய் அன்றைக்கு வேலை செய்யும். பிறகு சாலைத் தூசியையும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பையும் பிடித்துவைத்துப் பிசினாகும். போன வருடம் எண்ணெய் விட்டவன் நானே என்பதையும் சொல்லிவிடுகிறேன். துளைபோடுவதோ, பொறி பறக்கும் கருவியைச் சிலிண்டருக்கு ஒரு முழ தூரத்தில் வைத்து இயக்குவது. கசிவு ஏதேனும் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் செய்தது வேறு. வாயு வாடை இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, டெஃப்லான் கலந்த உலர்தெளிப்பானைச் சாவித்துவாரத்தில் அடித்து, சாவியைத் திருப்பாமல் இருபது முப்பது தடவை உள்ளே விட்டு எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் சாவியில் கறுப்பு அழுக்கு வந்தது; துடைத்துத் துடைத்து விட்டோம். (கிராபைட் தூளும் நல்லதே. ஆனால் முன்பே எண்ணெய் குடித்த பூட்டில் அது சேறாகிவிடும்.) அப்புறம்தான் முக்கியமான விஷயம். கதவின் ஓரத்து ரப்பர்ப் பட்டை கதவை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தில் பூட்டின் நாக்கு சட்டத்தோடு இறுகிவிடுகிறது. என் மனைவி இரு உள்ளங்கைகளாலும் கதவை உள்நோக்கி அழுத்திப் பிடிக்க, இரண்டு விரலால் சாவியைத் திருப்பினேன். திறந்தது.

கதை இங்கே முடிந்தால் நல்லது. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வண்டிக்குள் ஒவ்வொரு அடுப்புக்கும் தனித்தனித் திருகுகள் உண்டு. கசிவு அவற்றுக்கு முன்னால், குழாயிலோ அழுத்தச் சீராக்கியிலோ ஏற்பட்டால் அதை நிறுத்தக்கூடியது சிலிண்டரின் வால்வு ஒன்றுதான். அந்த வால்வு இந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதற்காகத்தான் அறையின் அடித்தளத்தில் திறப்புகள் விட்டிருக்கிறார்கள். எங்கள் அறையில் அந்தத் திறப்புகளைச் சருகு அடைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். உள்ளே பிள்ளைகள் தூங்குகையில் வாடை வந்து, நான் இருட்டில் குளிரில் நின்று அழுக்கைத் துடைத்துத் துடைத்துச் சாவி விட்டுக்கொண்டிருந்தால்?

வருடாந்தரச் சோதனையில் குழாயில் அச்சிட்ட ஆண்டைப் பார்க்கிறார்கள், சீராக்கியைப் பார்க்கிறார்கள், அடுப்புச் சுடரின் நிறத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் வண்டியைச் சோதித்தவர் யாரும் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கதவைத் திறந்து தாருங்கள் என்பார்கள், நாமும் திறந்து தருவோம். என்னைக் கேட்டால், பூட்டு எளிதாகத் திறக்கிறதா என்பதும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாக இருக்க வேண்டும். ஆட்கள் உள்ளே தங்கும்போது அந்தக் கதவைப் பூட்டவே கூடாது என்றும் சொல்வேன். சிலிண்டர் திருட்டுப் போகுமே என்கிறார் பக்கத்து வண்டிக்காரர். போகட்டும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

சாவியிலும் கோளாறு இருந்தது. அது தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய நகல். தேய்மானமும் சேர்ந்தே நகலாகியிருந்தது. பூட்டின் முகத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைக் கொடுத்தால் தொழிற்சாலை அளவிலேயே புதிய சாவி வெட்டித் தருகிறார்கள். இரண்டு வாங்கினேன். ஒன்று வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.